இடது காது கேட்காமல் போன மாதத்தில் நான் கேட்ட பாடல்கள்

கடந்த மாதம் விரும்பிக் கேட்ட பாடல்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை வலது காதால் மட்டுமே கேட்டேன். இடது காது ஒரு மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. மாரடைப்பின் அறிகுறிகளையும் பக்கவாதத்தின் அறிகுறிகளையும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அருகே சுவரொட்டியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அதுவும் அவசர நிலைதான், ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும் என்று ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. தனியாக வாழ்கிறேன், வீட்டில் கேட்பதற்கும் ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். பாடல்களும் அந்த வரிசையிலேயே வரும்.

வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து யீஷூன் வரையிலான ரயில் பயணம்தான் எனக்குப் பாட்டுக்கான நேரம். அன்று ‘அக்கரைச் சீமை அழகினிலே’ கேட்டுக்கொண்டிருந்தேன். 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல். இளையராஜா இசையில் ஜேசுதாஸ் பாடியது. படத்தின் பெரும்பகுதி இங்கே சிங்கப்பூரில் எடுக்கப்பட்டதால் என் வயதுக்காரர்கள் பலருக்கு அது சொந்த ஊர்ப் பாட்டு மாதிரி. தமிழ்த் திரையில் ஸ்டீரியோ முறையில் பதிவான ஆரம்பகாலப் பாடல்களில் ‘பிரியா’வின் பாடல்களும் அடங்கும். வாத்தியங்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நான் பல ஆண்டுகளாக மனப்பாடமாகக் கேட்கும் பாட்டு அது. அங் மோ கியோ தாண்டியதும் பாதி வாத்தியங்களைக் காணவில்லை. ஜேசுதாஸின் குரல் நடுவிலிருந்து விலகி வலப்பக்கம் ஒதுங்கி நின்றது.

இயர்போன் கெட்டுவிட்டதா என்று பார்க்க இரண்டையும் மாற்றிப் பொருத்தினேன். இடது காதுக்கானதை வலது காதில் வைத்ததும், காணாமல் போயிருந்த வாத்தியங்கள் அத்தனையும் தெளிவாகக் கேட்டன. வலதுக்கானது இப்போது இடது காதில் ஊமையாக இருந்தது. கருவியில் பழுது என்றால் ஊமைத்தனம் இயர்போனோடு இடம் மாறியிருக்கும். மாறவில்லை, என் காதோடுதான் இருந்தது. இதை யாரும் செய்து பார்க்கலாம், அரை நிமிடம்கூட ஆகாது. இயர்போன் இல்லாவிட்டால் இரண்டு விரல்களைக் காதருகே உரசிப் பார்த்தால் போதும். எனக்கு வலப்பக்கம் உரசல் கேட்டது, இடப்பக்கம் தோலில் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காதுக்குள் ஓயாத ஒரு ரீங்காரம் தொடங்கியது. விமானம் தரையிறங்கும்போது காது அடைக்குமே, அந்த அடைப்பும் சேர்ந்துகொண்டது. வலி துளியும் இல்லை. வலி இல்லாததுதான் இந்த நோயின் வஞ்சகம் என்று இப்போது நினைக்கிறேன். வலித்தால் எல்லாரும் ஓடுவார்கள்.

மறுநாள் காலையிலேயே வீட்டருகே இருக்கும் ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, சளிப்பிடித்துக் காதின் உட்குழாய் அடைத்திருக்கலாம் என்றார். காதில் விடச் சொட்டு மருந்து, மூக்கில் அடிக்கும் மருந்து, சளி மாத்திரை எல்லாம் தந்து, இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் வரச் சொன்னார். எழுபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆனது. “எனக்குச் சளியே இல்லையே, டாக்டர்” என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்த மருத்துவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. சளியோ அழுக்கோ காரணமாக இருப்பது மிகச் சாதாரணம்தான். ஆனால் இது நரம்பு சார்ந்த கேள்வி (செவித்திறன்) இழப்பா, வெறும் அடைப்பா என்று பிரித்தறிய ஓர் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டி நெற்றி நடுவில் வைத்தால் போதும். அந்தக் கவை அவர் மேசையில் இல்லை. இரண்டு வாரம் என்பது இந்த நோயில் கையிலிருக்கும் நல்ல நேரம் முழுவதும்.

அந்த மருந்துகளோடு சில நாட்களை வீணாக்கினேன். மாதத்தின் மிக மோசமான நாட்கள் அவை. அலுவலகத்தில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசுவது தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் என் தோளைத் தொடுவார். வீட்டில் பாட்டுப் போடவே பயம். போட்டால் எது காணவில்லை என்றுதான் மனம் தேடும். இரவில் எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு காதுக்குள் இருக்கும் ரீங்காரம் மட்டும் அடங்காது. விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஜோகூர் பாருவில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் சொல்ல நினைத்து, அவருக்கே உடம்பு சரியில்லாதபோது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

திருப்பம் மின்தூக்கியில் வந்தது. எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இடப்பக்கமிருந்து பேசியதற்கு நான் திரும்பாததைக் கவனித்து, என்னவென்று கேட்டார். சொன்னேன். “தங்கச்சி, வாயை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பாட்டை முனகு. எந்தக் காதில் சத்தம் அதிகமாகக் கேட்கிறது என்று சொல்” என்றார். முதலில் வாய்க்கு வந்தது ‘காற்றினிலே வரும் கீதம்’. முனகினேன். சத்தம் முழுவதும் வலப்பக்கம், நல்ல காதுக்குள் போய் நின்றது. அவர் முகம் மாறியது. “சாப்பிட்டுவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போ. நாளைக்கு என்று தள்ளாதே” என்றார்.

அவர் செய்தது இசைக்கவைச் சோதனையின் எளிய வடிவம். அழுக்காலோ சளியாலோ ஒரு காது அடைத்திருந்தால், முனகும்போது சத்தம் அந்த அடைத்த காதில்தான் கூடுதலாகக் கேட்கும். விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு முனகினால் உங்களுக்கே தெரியும். உட்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் சத்தம் நல்ல காதுப் பக்கம் போகும். மருத்துவரின் சோதனைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் மருத்துவரிடம், “முனகினால் நல்ல காதில் கேட்கிறது, உடனே கேள்விப் பரிசோதனை வேண்டும்” என்று அழுத்திச் சொல்ல இது ஒரு பிடி கொடுக்கும். காது போனதோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் வலுவிழப்பது, நிற்க முடியாத தலைச்சுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் முனகிப் பார்க்கவும் வேண்டாம், சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.

அன்றிரவு ஒரு பொது மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். உயிருக்கு ஆபத்தானவர்களை முதலில் பார்ப்பார்கள் என்பதால் நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தேன். கட்டணம் நூற்று முப்பது வெள்ளி அளவில் வந்தது. சிங்கப்பூரில் பொது மருத்துவமனையின் நிபுணரை உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமானால் அரசின் பலதுறை மருந்தகத்திலிருந்தோ (பாலிகிளினிக்) அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வேண்டும்; அரசின் மருத்துவ உதவித் திட்டமான சாஸின் அட்டை வைத்திருப்பவர்கள் அத்திட்டத்தில் சேர்ந்த மருந்தகத்திலிருந்தும் பெறலாம். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் சீக்கிரம் பார்ப்பார்கள், செலவு பல மடங்கு. பலதுறை மருந்தகத்துக்குப் போகிறவர்கள் பதிவு செய்யும் இடத்திலேயே “திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, இத்தனை நாளாகிறது” என்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள். “காது அடைப்பு” என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் விடுவார்கள், நிபுணரைப் பார்க்கும் நாளும் வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம்.

மறுநாள் கேள்விப் பரிசோதனை நடந்தது. ஒலி புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காது முடிந்து இடது காதுக்கு வந்ததும் நீண்ட அமைதி. அந்த அமைதியில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத்தான் கேட்கவில்லை. அதைத் தாங்குவது கடினமாக இருந்தது. வரைபடத்தில் வலது காதின் கோடு 20 டெசிபலை ஒட்டி மேலே ஓடியது. இடது காதின் கோடு 70க்குக் கீழே கிடந்தது. இந்த வரைபடத்தில் கோடு கீழே இறங்க இறங்க டெசிபல் எண் கூடும், கேள்வி குறைவு என்று பொருள். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் குறைந்தது 30 டெசிபல் கேள்வித்திறன் போனால் அதைத் திடீர் நரம்புசார் கேள்வி இழப்பு என்று வகைப்படுத்துகிறார்கள் என்று மருத்துவர் விளக்கினார். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பெரும்பாலோருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. கிருமித் தொற்று, உட்காதின் ரத்த ஓட்டம், நோயெதிர்ப்புச் சிக்கல் என்று பல சந்தேகங்கள் மட்டும் உண்டு. சிலருக்குத் தானாகவே கேள்வி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. பாட்டு சத்தமாகக் கேட்டதால் வந்ததா என்று கேட்டேன். அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. இல்லை, ரயிலில் அளவாகப் பாட்டுக் கேட்டவருக்கு ஒரே மாலையில் ஒரு காது மட்டும் இப்படிப் போகாது என்றார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள். முதலில் அதிக அளவு, பிறகு படிப்படியாகக் குறைப்பு. நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப் புண், கண் அழுத்தம் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததால் விரல்நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவி வாங்கினேன். எண்கள் ஏறத்தான் செய்தன. ஆனால் எனக்கு யாரும் எச்சரிக்காதது தூக்கமின்மையைப் பற்றி. நடு இரவில் கண் விழித்தால் விடியும்வரை உடல் முறுக்கிவிட்டதுபோல் இருக்கும். காரணமில்லாமல் எரிச்சல், காரணமில்லாமல் உற்சாகம். இது மருந்தின் வேலை, உங்கள் மனம் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தாலே பாதிச் சுமை குறையும்.

அந்த விழித்திருந்த இரவுகளில்தான் பாட்டு திரும்ப வந்தது. சமையலறையில் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட ஒரு பழைய வானொலி இருக்கிறது. ‘ஒலி 96.8’ என்ற தமிழ் வானொலி நிலையத்தை வைத்தேன். பழைய பாடல் ஒன்று வந்தது. எதுவும் காணாமல் போகவில்லை! முழுப் பாட்டும் வலது காதுக்கு வந்துசேர்ந்தது. ஏன் என்று யோசித்தபோது விளங்கியது. ஒரே பெட்டியிலிருந்து வருவதால் இடம் வலம் என்ற பிரிவே இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பதிவான பாடல்களுக்கோ பதிவிலேயே அந்தப் பிரிவு கிடையாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்து பாடி வாசித்து, எல்லாம் ஒரே தடத்தில் இறங்கிய காலம் அது. அந்தப் பாடல்களில் ஒற்றைக் காதுக்காரருக்கு எந்த வாத்தியமும் தவறாது. தொலைந்தது என்று நான் பயந்த உலகத்தில் முப்பது வருடப் பாட்டுகள் சேதமில்லாமல் இருந்தன.

அதனால் கடந்த மாதத்தின் என் பட்டியல் பழையவர்களால் நிறைந்தது. முதலில் ‘காற்றினிலே வரும் கீதம்’. 1945இல் வந்த ‘மீரா’ படத்துக்காகக் கல்கி எழுதி, எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைக்க, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. மின்தூக்கியில் நான் முனகிய பாட்டு என்பதால் அதைக் கேட்கும்போதெல்லாம் நன்றியுணர்ச்சி பொங்கியது. அதைவிட அதிகமாகக் கேட்டது பி.பி. ஸ்ரீனிவாஸை. பாதிக்கப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, சற்றுக் கூடினாலோ குத்தும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஸ்ரீனிவாஸின் குரல் அந்தக் குறுகிய இடைவெளியில் அடங்கி நிற்கும். ‘காலங்களில் அவள் வசந்தம்’, ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன். ‘மயக்கமா கலக்கமா’ 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படப் பாடல். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே போய்விட நினைத்திருந்த தன்னை அந்தக் கண்ணதாசன் பாட்டுத்தான் நிறுத்தியது என்று கவிஞர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அது எப்படி ஒரு மனிதரை நிறுத்தியிருக்கும் என்பது விடியற்காலை மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது. டி.எம். சௌந்தரராஜனை அந்த மாதம் அதிகம் கேட்க முடியவில்லை. ‘பாட்டும் நானே’ பாடலில் அவர் குரல் மேலே போகும்போது இடது காதில் ஊசி ஏறுவதுபோல் இருந்தது. அவருடைய பாடல்களில் ‘மலர்ந்தும் மலராத’ மட்டும், சுசீலாவோடு சேர்ந்து அடக்கிப் பாடியிருப்பதால், தாங்கியது.

ஸ்டீரியோ பாடல்களுக்கும் வழி இருக்கிறது, அதை எனக்கு மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. கைத்தொலைபேசியின் செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ என்ற பகுதிக்குள் போனால் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. அதை இயக்கிவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றாகக் கலந்து ஒவ்வொரு காதுக்கும் முழுதாக வரும். அதே இடத்தில் ஒலியை வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளும் வசதியும் இருக்கும். இதைச் செய்த அன்று ‘அக்கரைச் சீமை’யின் காணாமல் போன வாத்தியங்கள் எல்லாம் வந்துவிட்டன. அதன் பிறகு ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் பாடல்களை வரிசையாகக் கேட்டேன். அதுவும் சிங்கப்பூரில் எடுத்த படம்தான், 1979. ‘எங்கேயும் எப்போதும்’ பாடலில் எஸ்.பி.பி. காட்டும் துள்ளலைக் கேட்டபோது பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். காது நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நடக்கும்போது ஒரு பக்க இயர்போன் மட்டும் போடுகிறவர்கள் மோனோவை இயக்காமல் கேட்டால் பாட்டில் பாதியைத்தான் கேட்கிறீர்கள்.

மாத்திரை மட்டும் போதாது என்று செவிப்பறை வழியாக ஊசியால் ஸ்டீராய்டைச் செலுத்தவும் சொன்னார்கள். கேட்டதும் குலைநடுங்கியது. உண்மையில் மரத்துப்போக மருந்து வைத்த பிறகு ஒரு கணக் குத்தலும், மருந்து இறங்கும்போது சிறிது தலைச்சுற்றலும்தான். கடினமானது அதற்குப் பிறகு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைப் பக்கம் வடிந்துவிடும். பக்கத்தில் மெல்லிய தாள் வைத்துக்கொள்ளுங்கள், எச்சிலை அதில் துடைத்துக்கொள்ளலாம். நேரத்தைக் கடத்த மனத்துக்குள்ளேயே ‘ஒரு நாள் போதுமா’வை முழுவதும் ஓட்டினேன். பாலமுரளிகிருஷ்ணா ஒவ்வொரு ராகமாக மாறும் இடத்தையும் விடாமல் நினைவில் பிடித்தேன். மனத்துக்குள் கேட்கும் பாட்டுக்கு இரண்டு காதும் நன்றாக இருந்தன.

உயர் அழுத்த அறையில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டோடு கூடுதலாகத் தரப்படுவது அது, அதற்கும் முதல் இரண்டு வாரமே நல்ல காலம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கான நிலையம் இருக்கிறது. பல அமர்வுகள் போக வேண்டும், செலவும் கூடும். என்னிடம் சொல்லப்பட்டபோது அந்தக் காலம் கடந்துகொண்டிருந்தது. முதல் மருந்தகத்தில் போன நாட்களை நினைத்து வயிறு எரிந்தது. செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுத்தார்கள். மிகச் சிலருக்கே அப்படி இருக்கும், ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. கட்டி இல்லை. எம்ஆர்ஐ இயந்திரத்தின் சத்தம் பயங்கரமானது. ஒரு காதுதான் மிச்சம் என்பதை முன்பே சொல்லி, காதடைப்பானும் மேலே மூடும் கருவியும் இரண்டும் கேட்டு வாங்குங்கள். வெளிநோயாளி ஸ்கேனுக்கு, மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து ஒரு வரம்புவரை எடுக்க முடிந்தது உதவியாக இருந்தது. உதவித்தொகை போக, எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி செலவானது. மருத்துவ விடுப்பு தீர்ந்து ஆண்டு விடுப்பிலும் கணிசமாகப் போனது. எஸ்பிளனேடில் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன், அதையும் அலுவலகத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். உரத்த சத்தத்திலிருந்து சில காலம் விலகியிருக்கச் சொல்லியிருந்தார்கள்.

வெளியே நடமாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்துத்தான் கணிக்கிறது. ஒரு காது போனால் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வரும். நடைபாதையில் பின்னால் வரும் சைக்கிள் மணி எனக்கு வலப்பக்கம் கேட்கும், சைக்கிள் இடப்பக்கம் உரசிக்கொண்டு போகும். மின்சாரப் பேருந்துகள் சத்தமே இல்லாமல் வருகின்றன. அந்த மாதம் முழுவதும் வெளியே நடக்கும்போது இயர்போனைத் தொடவில்லை, சாலை கடக்கும் விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை நின்றேன். தேக்கா உணவங்காடி நிலையத்தில் சாப்பிடப் போனால் கேட்காத காதைச் சுவர்ப் பக்கம் வைத்து ஓரமாக உட்கார்ந்தேன். நடு மேசையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் பேச்சு தட்டுச் சத்தத்தில் கரைந்துவிடும். எந்தப் பக்கம் கேட்காது என்பதை உடன் வேலை செய்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு, கூட்டங்களில் எனக்காக வலப்பக்க நாற்காலியை ஒதுக்கினார்கள். சொல்வதற்கு முன்னால் நான் திமிராக இருப்பதாகச் சிலர் நினைத்திருக்கிறார்கள்.

ஊசிகளுக்குப் பிறகு இடது காதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இறங்கத் தொடங்கியது. முதலில் வந்தது கீழ்ச் சுருதி. ‘இளைய நிலா பொழிகிறதே’ பாடலை நாள்தோறும் ஒரே ஒலியளவில், இடது காதில் மட்டும் வைத்துப் பார்த்தேன். பேஸ் கிட்டார் முதலில் மங்கலாக வந்தது, எஸ்.பி.பி.யின் குரல் பிறகு, அந்தப் புகழ்பெற்ற கிட்டாரின் மேல் நரம்புகள் இன்னும் முழுதாக வரவில்லை. கீழ் அலைவரிசைகள் திரும்புவதும் மேல் அலைவரிசைகள் அடம்பிடிப்பதும் இந்த நோயில் வழக்கம்தான் என்றார் பரிசோதகர். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை இப்படி அளவுகோலாக வைத்துக்கொள்வது பயனுள்ளது. மருத்துவரிடம் “பரவாயில்லை” என்று சொல்வதைவிட, “குரல் கேட்கிறது, ஜாலரா கேட்கவில்லை” என்று சொன்னால் அவருக்கு ஏதோ தெரியும்.

கேள்வி திரும்பும்போது இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. ‘சிங்கார வேலனே தேவா’வைப் போட்டேன். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஆபேரி ராகத்தில் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு. இரண்டும் இழையளவு பிசகாமல் சேர்வதுதான் அதன் உயிர். எனக்கு ஒரு நாதஸ்வரம் இரண்டு நாதஸ்வரமாகக் கேட்டது, இரண்டாவது சற்று மேலே, அபஸ்வரமாக. இடது காது அதே சுரத்தை வேறு சுருதியில் கேட்கிறது! பாட்டை நிறுத்திவிட்டு, இனி இசையே இல்லையோ என்று கலங்கிப்போனேன். பின்னால் கேட்டபோதுதான் தெரிந்தது: உட்காது பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு காதுகளும் இரண்டு சுருதியில் கேட்பது நேரக்கூடியதுதான், பலருக்கு நாளடைவில் குறையும். சாதாரணக் கேள்விப் பரிசோதனையில் இது தெரியாது, நாமாகச் சொன்னால்தான் தெரியும். கைத்தொலைபேசியில் தம்பூரா செயலி ஒன்றை இறக்கி, ஒரே சட்ஜத்தை ஒரு காதில் வைத்து, பிறகு மறு காதில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். எனக்கு அந்த இடைவெளி இப்போது மெல்லக் குறைந்துவருகிறது. அதுவரை நாதஸ்வரம், வீணை, வயலின் மூன்றையும் இரண்டு காதாலும் கேட்பதைத் தள்ளி வைத்திருக்கிறேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை வலது காதில் மட்டும், மோனோவில் கேட்கிறேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அப்படியும் உருக்குகிறது.

கடைசியாக எடுத்த வரைபடத்தில் இடது காதின் கோடு 45 டெசிபலை ஒட்டி ஏறியிருக்கிறது. முழுதாகத் திரும்புமா என்று மருத்துவர் உறுதி தரவில்லை. சில மாதம் பொறுத்து, கேட்புக்கருவி தேவையா என்று முடிவு செய்யலாம் என்றார். ரீங்காரம் இருக்கிறது, ஆனால் படுக்கையறையில் மெல்லிய ஒலியில் வானொலி ஓடினால் அது பின்னுக்குப் போய்விடுகிறது. முழு அமைதியில்தான் அது பெரிதாகிறது. மிச்சமிருக்கும் நல்ல காதைக் காக்க வேண்டியிருப்பதால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை இப்போது கைத்தொலைபேசியிலேயே வைத்திருக்கிறேன்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை, ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். ஒவ்வொரு கேள்விப் பரிசோதனை வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்கி, தேதி தெரியப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கருத்துக்குப் போனாலும், மறுபடி இப்படி நேர்ந்து நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நின்றாலும், முந்தைய அளவு என்ன என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.